தடுப்புக் காவல் புகார்களை எப்படி எடைபோடுவது: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சிறைச்சாலை உள்ள ஊர் சுங்கை ஊடாங். மலாக்காத் தோட்டப்புறங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர் சிலர் எங்களையும் நாடுகிறார்கள். "லோக்காப்பில் அடித்தார்களாம், நம்பலாமா?" என்பதே அவர்களுடைய கேள்வி. எந்த ஒரு சிறையையும் நிலையத்தையும் குற்றம் சாட்ட இந்த அறிக்கையை வெளியிடவில்லை. புகாரை எப்படி எடைபோடுவோம் என்பதை மட்டும் சொல்கிறோம்.

புகார் சொல்பவரின் பழைய கதையை நாங்கள் அளவுகோலாகக் கொள்ளமாட்டோம். "அவன் கேங்கில் இருந்தவன்தானே" என்று நம்மவர்களே கைகழுவுவது வேதனை தருகிறது. கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட ஆ. குகன் 2009 ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். நுரையீரலில் நீர் கோர்த்ததே காரணம் என்றது முதல் சவப் பரிசோதனை. குடும்பம் விடவில்லை. பிணவறையில் உடலைப் படம் எடுத்தது, இரண்டாவது பரிசோதனை கேட்டது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் உண்மை வெளிவந்தது: அடிபட்டுத் தசைகள் சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்திற்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. முத்திரை குத்திய முதல் அறிக்கையோடு எல்லாரும் நின்றிருந்தால் குகன் நோயில் இறந்தவராகவே பதிவாகியிருப்பார்.

அதே 2013-இல் கோலாலம்பூரில் ந. தர்மேந்திரன் காவலில் இறந்தபோது மூச்சுத் திணறல் என்றது போலீஸ். உடலில் 52 காயங்கள் இருந்தன. ஆகவே அதிகாரிகளின் விளக்கத்தையும் சோதிக்கப்பட வேண்டிய ஒரு தரப்பாகவே எடுத்துக்கொள்கிறோம். பூட்டிய கதவுக்குள் நடந்ததற்குப் பூட்டியவர்தான் கணக்குக் காட்ட வேண்டும். லோக்காப் பதிவேடும் கேமரா பதிவும் அவர்கள் கையில்தான் உள்ளன.

பொய்ப் புகாரும் உண்டு. எங்கே, எப்போது எடுத்ததென்று தெரியாத காயப் படத்தைப் புலனத்தில் பகிரமாட்டோம். ஒரு பொய் அம்பலமானால் அடுத்து வரும் உண்மைப் புகாரும் எடுபடாது. ஆனால் தேதி மாறிச் சொன்னார், நேரம் குழம்பினார் என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்று தள்ளவும் மாட்டோம். வதைபட்டவரின் நினைவு அப்படித் தடுமாறக்கூடும் என்பதை ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறையே ஏற்கிறது. காயம் எங்கே இருக்கிறது, என்ன வடிவம், எத்தனை நாள் பழையது, சொன்ன கதையோடு பொருந்துகிறதா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும், போலீஸ்காரர் அறையில் இல்லாதபோது. கன்றிய காயம் சில நாட்களில் மறைந்துவிடும். மறைந்த பிறகு ஆதாரம் கேட்பது நியாயமில்லை.

சாதாரண வழக்கில் 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் நேரில் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2017-இல் கிள்ளானில் பார்த்தோம். காவலில் இருந்த பாலமுருகன் என்பவரின் நிலையைக் கண்ட மாஜிஸ்திரேட் தடுப்புக் காவலை மறுத்து, சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார். போலீஸ் விடவில்லை, அவர் இறந்தார். சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டத்திலோ 28 நாட்கள் வரை நீதிமன்றத்தின் கண்ணில் படாமலே வைத்திருக்கலாம். 2019 அக்டோபரில் நம் காடேக்கின் அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் கோ. சாமிநாதன் உட்பட 12 பேர் அச்சட்டத்தில் பிடிபட்டார்கள். 2020 பிப்ரவரியில் எல்லார் மீதும் வழக்குகள் கைவிடப்பட்டன. மக்கள் பிரதிநிதிக்கே இந்த நிலை என்றால், தோட்டத்துப் பிள்ளைக்காக யார் கேட்பார்?

ஆகவே, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் மலேசியா சேர வேண்டும். 2005-இல் அரச ஆணையம் பரிந்துரைத்தபடி, போலீசார் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரமுள்ள சுயேச்சை ஆணையம் வேண்டும்; 2023-இல் செயல்படத் தொடங்கிய போலீஸ் கண்காணிப்பு அமைப்புக்கு அந்த அதிகாரம் இல்லை.

வீட்டில் ஒருவரைப் பிடித்துச் சென்றால், எத்தனை மணிக்கு, எந்த நிலையம், வந்தவர் பெயர் என்ன என்று அன்றே எழுதி வையுங்கள். வெளியே வந்ததும் முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், பிறகு போலீஸ் புகார் கொடுங்கள், மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும் எழுதுங்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள்.