சொல்தா வீட்டு மருமகள்கள்

"மாப்பிள்ளை பிரெஞ்சு மிலிட்டரி." விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெண் வைத்திருக்கும் வீட்டில் தரகர் இந்த மூன்று சொற்களைச் சொன்னால் போதும், அதற்குமேல் விசாரணை நின்றுவிடுகிறது. அவன் எதுவரை படித்தான், குடிப்பானா, எந்த ஊரில் இருக்கிறான், பெண்ணை எப்போது கூட்டிப்போவான், ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் சம்பந்தம் கைநழுவிப் போய்விடுமோ என்று பயம். ஐ.டி. மாப்பிள்ளைக்கு வேலை போகலாம், துபாய் மாப்பிள்ளைக்கு விசா முடியலாம். பட்டாளத்து மாப்பிள்ளைக்கோ பென்ஷன் இருக்கிறது, அதுவும் யூரோவில். அந்தப் பென்ஷனில் யாருடைய உழைப்பெல்லாம் கலந்திருக்கிறது, அது யார் பெயரில் எழுதப்படுகிறது என்று கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரிப் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைச் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சில் சிப்பாய்க்கு உள்ள சொல்தான் அது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பிரெஞ்சு இந்தியாவின் எல்லையை வரைபடத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண்ணாடிப்பட்டும் பாகூரும் அன்றைய தென்னாற்காட்டு நிலத்துக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். நிலத்துக்குத்தான் அந்த எல்லை. கொள்வினை கொடுப்பினைக்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியப் பெண் பிரெஞ்சு இந்திய ஆணுக்கு வாழ்க்கைப்பட்டாள், இன்று தமிழ்நாட்டுப் பெண் பிரெஞ்சுக் குடிமகனுக்கு வாழ்க்கைப்படுகிறாள்.

இந்தப் பட்டாள வாழ்வின் தொடக்கம் 1881 செப்டம்பரில் வந்த ஓர் ஆணையில் இருக்கிறது. தன் சாதி வழக்கத்தையும் மதச் சட்டத்தையும் துறந்துவிட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர ஒருவருக்கு அது வழிசெய்தது. அப்படி வந்தவர்களை 'ரெனோன்சான்', அதாவது துறந்தவர் என்றார்கள். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியாரும் அதில் ஏராளம். பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு பலர் இந்தோசீனாவுக்குக் கப்பலேறினார்கள். காவலர்களாக, குமாஸ்தாக்களாக, சிப்பாய்களாக அங்கே பிழைத்தார்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்போர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று தரகர் வாயில் அடிபடும் 'நேஷனாலிட்டிக்காரர்கள்'. கட்டாய ராணுவ சேவை இருந்த காலத்தில் போனவர்களில் பலர் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். 1997இல் கட்டாய சேவையை நிறுத்தச் சட்டம் வந்த பிறகும், பாரிசுக்குப் போய் மொழியும் தெரியாமல் கைத்தொழிலும் இல்லாமல் நின்ற இளைஞர்களுக்குப் பட்டாளத்தின் கதவு திறந்தே இருந்தது. அதிகாரி அல்லாத சிப்பாய்க்கு 15 ஆண்டு சேவையில் பென்ஷன் கிடைத்தது. 2010 சீர்திருத்தம் அதை 17 ஆக்கியது. இருபது வயதில் சேர்ந்தவன் நாற்பதுக்குள் பென்ஷனோடு ஊர் திரும்பிவிடலாம். இந்தக் கணக்கைப் பெண்ணின் அப்பாக்கள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டு, வெள்ளைக்காரனுக்குத் துப்பாக்கி தூக்கிய கூலிகள்தானே என்று முகம் சுளிப்பவர்கள் நம் முற்போக்கு மேடைகளிலேயே உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். 1978 ஜூலையில் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்ட ஊர் விழுப்புரம். அந்த மண்ணில் நின்றுகொண்டு, ஏன் அந்நியன் சீருடையை மாட்டினாய் என்று ஒரு தலித் இளைஞனைக் கேட்க எவருக்கு யோக்கியதை இருக்கிறது? பல சேரிகளுக்கு முதல் மாடி வீடு வந்தது பட்டாளத்துப் பணத்தில். டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவனின் மகன் கான்வென்டில் படித்ததும் அதே பணத்தில். சாதியிலிருந்து தப்பிக்க ஒருவன் தேர்ந்த வழியை நான் கொச்சைப்படுத்தவில்லை. அவன் தப்பித்தபோது அவன் வீட்டுப் பெண் எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்பதுதான் என் கேள்வி.

அவள் இங்கேதான் நின்றாள். அவன் போவதற்குத் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. அவன் போன பிறகு மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, மாமனாருக்குக் கண் அறுவை, நாத்தனாருக்குப் பிரசவம், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குச் சிமென்டு, எல்லாம் இவள் பொறுப்பு. திண்டிவனத்துக்கு அருகே எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவனில்லாத ஒன்பது ஆண்டில் மூன்று தளம் எழுப்பினார். கொத்தனாரோடு பேசினால் மாமியார் சந்தேகப்படுவார் என்று கூலிக்கணக்கைக் கூடத் தாளில் எழுதி, பள்ளிக்கூடம் போகும் மகன் கையில் கொடுத்தனுப்புவார். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் கணவர் பெயருக்குப் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவம் என்று அச்சாகியிருந்தது. அவர் பெயர் இருந்த இடத்தில் 'திருமதி' என்ற சொல் மட்டும்தான் கூடுதல். ஒரு ராணுவம் ஓடுவதற்குச் சிப்பாயின் மனைவி சம்பளமில்லாமல் செய்யும் வேலை எவ்வளவு தேவை என்று சிந்தியா என்லோ நாற்பது ஆண்டுகளாக எழுதிவருகிறார். அவர் சொன்னது பெரும்பாலும் ராணுவ முகாமுக்குள் வாழும் மனைவிகளைப் பற்றி. நம் மருமகள் அந்த முகாமைக் கண்ணாலும் பார்த்ததில்லை. ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அவள் ஒரு ராணுவத்தைத் தாங்குகிறாள்.

இனி காகிதத்துக்கு வருவோம். உணர்ச்சிவசப்பட்டு அழுவதைவிடக் காகிதத்தைப் படிப்பது நமக்கு அதிகம் உதவும். பிரெஞ்சுச் சட்டப்படி ராணுவ ஓய்வூதியக்காரர் இறந்தால் அதில் பாதி மனைவிக்குச் சேரும். ஆனால் அவள் சட்டப்படியான மனைவியாக இருக்க வேண்டும். பிள்ளை இல்லாவிட்டால் மண வாழ்வு குறைந்தது நான்கு ஆண்டு நீடித்திருக்க வேண்டும், அல்லது அவர் சேவையை விடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பாவது திருமணம் நடந்திருக்க வேண்டும். மயிலம் முருகன் சன்னதியில் கட்டிய தாலி பிரெஞ்சுப் பதிவேட்டுக்குத் தெரியாது. பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் அந்தத் திருமணத்தைப் பதிவேற்றினால்தான் பிரான்சின் பதிவேட்டில் அவள் மனைவி. பதிவேற்றாத வரை அங்கே பதிவேட்டில் அவன் தனியாளாகவே தெரிவான். "எல்லாம் அவரே பார்த்துக்குவார்" என்று இந்த வேலையை அவனிடமே விட்டுவிடும் குடும்பங்கள், பூட்டையும் சாவியையும் ஒரே கையில் கொடுக்கின்றன.

பாதிப் பென்ஷன் கைக்கு வந்த பிறகாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. மறுமணம் செய்தால் நின்றுவிடும். ஓர் ஆணோடு சேர்ந்து வாழ்ந்தாலும் நின்றுவிடும். அந்த உறவு முறிந்துவிட்டால் திரும்பவும் கேட்கலாமாம், என்ன தாராளம்! சட்டத்தின் எழுத்தில் ஆண் பெண் பேதம் இல்லை, மனைவியை இழந்தவனுக்கும் இதே விதிதான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் ஆண்களை அனுப்பிய பட்டாளத்தின் பின்னே மிஞ்சியவர்கள் யார்? இறந்த சிப்பாயின் மேல் அவள் வைத்த விசுவாசத்துக்கு மாதாமாதம் கூலி கொடுத்து, அந்த விசுவாசம் தொடர்கிறதா என்று கண்காணிக்கவும் செய்கிறது அரசு. வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியர் உயிரோடிருப்பதற்குச் சான்று அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நம்மூர் விதவை கூடுதலாகத் தனியாக இருப்பதையும் நிரூபிக்க வேண்டும். அதற்கு ஊரே சாட்சி, கேட்காமலேயே சொல்ல வரும். விதவையின் படுக்கையை எட்டிப்பார்ப்பதில் பிரெஞ்சுக் குடியரசும் நம் தெருமுனைத் திண்ணையும் ஒன்றுபட்டுப் போன அதிசயத்தை எந்த ஆய்வாளராவது எழுதினால் நன்றாயிருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மணவிலக்குப் பெற்ற மனைவிக்கும், மறுமணம் செய்யாதிருந்தால், மண வாழ்வின் காலத்துக்கேற்ப அந்தப் பென்ஷனில் பங்கு உண்டு. இதைச் சொல்லாமலே எத்தனை பெண்களிடம் வெறும் ஜீவனாம்சத்துக்குக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள்!

இன்னொரு சிக்கல் புதுச்சேரிக்கே உரியது. 1955இன் இந்துத் திருமணச் சட்டமும் 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டமும் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டங்களிலேயே எழுதியிருக்கிறது. அவர்களுக்குப் பிரெஞ்சு உரிமையியல் சட்டம். நெப்போலியனின் 1804ஆம் ஆண்டுச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சொத்தில் சம பங்கு கொடுத்தது. தமிழ்நாடு அதை நோக்கி அடியெடுத்து வைக்க 1989 ஆயிற்று, இந்தியா முழுமைக்கும் 2005. இந்தப் பெருமையைப் புதுச்சேரிக்காரர்கள் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே சட்டம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் எழுதி வைத்ததை மட்டும் யாரும் சொல்வதில்லை. பிரான்சு அந்த வரியை நீக்க 1938 ஆனது. கணவன் அனுமதியில்லாமல் மனைவி வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விழுப்புரத்துப் பெண் ரெனோன்சான் குடும்பத்தில் வாழ்க்கைப்படும்போது எந்தச் சட்டத்துக்குள் காலெடுத்து வைக்கிறாள் என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. நாள் நட்சத்திரம் பார்க்க மட்டும் ஆள் இருக்கிறது.

கதை தலைகீழாகவும் நடக்கும். பெண்ணுக்கு நேஷனாலிட்டி இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் தேடி வருகிறார்கள். வரதட்சணை வேண்டாம் என்கிறார்கள், செலவையும் ஏற்கிறார்கள். பெண் பிறந்தால் யோகம் என்று சொல்லும் அபூர்வமான வீடுகள் இவை. ஆனால் அந்த யோகம் அவளுடைய பாஸ்போர்ட்டுக்குத்தான். அவள் வழியாக அவன் போவான், காகிதம் வாங்குவான், வயது இருந்தால் பட்டாளத்திலும் சேருவான். 1973 வரை பிரெஞ்சுக்காரனை மணந்த அந்நியப் பெண் மணமான அன்றே பிரெஞ்சுக்காரி ஆனாள். கணவன் எந்த நாட்டானோ அந்த நாட்டாள் என்ற பழைய நினைப்பு அது. இன்று கணவனோ மனைவியோ நான்கு ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் கோரலாம். பிரான்சில் போதிய காலம் குடியிருக்காவிட்டால் ஐந்து ஆண்டு, கூடவே மொழித் தேர்வு. அந்நிய லெஜியனில் சேரும் ஆணோ மூன்று ஆண்டில் விண்ணப்பிக்கலாம். காயம்பட்டால் இன்னும் சுலபம். சிந்திய ரத்தத்தின் பேரால் குடியுரிமை தரும் சட்டம் 1999இல் வந்தது. பிரசவத்தில் சிந்தும் ரத்தத்துக்கு அந்தத் தராசில் எடையில்லை. லெஜியன் இன்றும் பெண்களைச் சேர்ப்பதில்லை. மணமானவனையும் சேரும்போது மணமாகாதவனாகவே பதிகிறது. ஊரில் ஒருத்தி நெற்றியில் குங்குமத்தோடு காத்திருக்க, அங்கே காகிதத்தில் அவள் பிறக்கவே இல்லை.

அமெரிக்காவும் இதைச் செய்து பார்த்தது. குடியேறும் உரிமை இல்லாமல் தற்காலிக விசாவில் இருந்தவர்களை, மொழித் திறமைக்காகவும் மருத்துவத் திறமைக்காகவும் படையில் சேர்த்துக் குடியுரிமை தரும் 'மாவ்னி' என்ற திட்டம் 2009இல் தொடங்கியது. அது கேட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2016இல் நிறுத்திவிட்டார்கள், நடுவில் மாட்டிக்கொண்ட பலர் வெளியே தள்ளப்பட்டார்கள். வல்லரசுகள் குடியேறியின் உடலை எடுத்துக்கொண்டு காகிதத்தைக் கொடுக்கின்றன. காகிதம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும் என்று குடும்பத்துக்குத் தெரிவதற்குள் நகை மூழ்கிப் போயிருக்கும்.

அப்படியானால் பெண்களும் பட்டாளத்தில் சேரட்டுமே, சமத்துவம் வந்துவிடாதா என்று மாணவிகள் கேட்கிறார்கள். சேர நினைப்பவளைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் இந்திய ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி கொடுக்கச் சொன்னபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவள் சீருடை போட்டுப் புறப்பட்டால் மாமியாரின் மாத்திரையை யார் கொடுப்பது? இன்னொரு பெண்தான். அந்த வேலை ஆணின் கைக்கு மாறாமல் சீருடை மட்டும் மாறினால், ஒருத்தியின் முதுகிலிருந்து இன்னொருத்தியின் முதுகுக்குச் சுமை இறங்குகிறது. அந்தத் துப்பாக்கி யாரை நோக்கி நீண்டது என்பதும் இருக்கிறது. இந்தோசீனாவில் நம்மவர்கள் காவல் காத்தது இன்னொரு மக்களின் அடிமைத்தனத்தை. அங்கிருந்து சிலர் மனைவியைக் கூட்டி வந்தார்கள், அவர்களின் கைப்பக்குவம் புதுச்சேரிச் சமையலில் இன்றும் இருக்கிறது. அங்கேயே விட்டுவிட்டு வந்த பெண்களைப் பற்றி எந்தக் குடும்பமும் பேசுவதில்லை.

விழுப்புரம் அண்ணா கல்லூரியிலும் திண்டிவனம் கோவிந்தசாமி கல்லூரியிலும் படிக்கும் தங்கைகளே, பட்டாளத்து மாப்பிள்ளை உங்கள் வீட்டுக்கும் வரலாம். பிடித்திருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், இது உங்கள் வாழ்க்கை. பஜ்ஜித் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே உட்காருங்கள். எந்தப் படைப்பிரிவு, ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று நீங்களே கேளுங்கள். திருமணத்துக்கு முன்பே துணைத் தூதரகத்தில் தர வேண்டிய காகிதங்களைத் தந்தாயிற்றா என்று கேளுங்கள். பதிவேற்றிய சான்றின் ஒரு படி உங்கள் கைக்கு வரும் வரை வேலையை விடாதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள், நகையைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். கட்டும் வீட்டின் பத்திரத்தில் யார் பெயர் என்றும் கேளுங்கள். "இப்பவே இவ்வளவு கேள்வியா?" என்று எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் சிரித்தால், ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.