காயலான் கடைக்குப் போன கதிர்வீச்சு!

அணுக்கழிவு பத்தி எழுதினாலே "பீதி கிளப்பாதீங்க"ன்னு கமெண்ட் போடுறவங்களுக்கு ஒரே ஒரு பேர் சொல்றோம்: மாயாபுரி.

டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஒரு காமா கதிர்வீச்சுக் கருவி. 1985க்கு அப்புறம் சும்மாவே கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய சாமானோட ஏலம் விட்டாங்க. உள்ளே கோபால்ட்-60 இருக்குன்னு வாங்கினவருக்குத் தெரியாது. மாயாபுரி காயலான் கடையில் உடைச்சாங்க. ஒருத்தர் அதில் ஒரு துண்டை பர்ஸிலேயே வெச்சிருந்தார். ஏப்ரலில் ஒரு தொழிலாளி செத்தே போனார். பலர் ஆஸ்பத்திரியில்.

"பழசுதானே, வீரியம் போயிருக்கும்"னு இன்ஜினியரிங் படிச்ச நானே நினைச்சேன். கணக்குப் போட்டுப் பாருங்க. கோபால்ட்-60 சுமார் 5 வருஷம் 3 மாசத்துக்கு ஒருமுறை பாதியாகும். 40 வருஷத்தில் மிஞ்சுறது ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு. அந்த மிச்சம்தான் ஆளைக் கொன்னுச்சு.

சட்டம் இல்லையா? கதிரியக்கக் கழிவை அகற்றும் விதிகள் 1987லேயே வந்தாச்சு. ஏலம் போட்டவங்க பட்டியலைப் பார்க்கல, அவ்வளவுதான்.

கூடங்குளத்தின் எரிஞ்ச எரிபொருள் இதைவிடப் பல மடங்கு பெரிய சமாச்சாரம். ரெண்டையும் ஒண்ணாக்கல. ஆனா அதை வைக்கிற மையத்துக்கு 2019 ஜூலை 10இல் கருத்துக் கேட்புன்னு அறிவிச்சு, அப்புறம் தள்ளி வெச்சாங்களே, அதைக் கேட்கக் கூடாதா?

நாம கேட்கிறது இதுதான்: ஒவ்வொரு கல்லூரி, ஆஸ்பத்திரி, ஆலையிலும் பயன்படாம கிடக்கிற கதிரியக்கப் பொருட்களின் பட்டியலை மாவட்ட வாரியா வெளியிடுங்க.

உங்க காலேஜ் லேப் மூலையில் மூணு இதழ் சின்னம் ஒட்டின பழைய பெட்டி இருந்தா தொடாதீங்க. துறைத் தலைவர்கிட்ட எழுத்து மூலமா கேளுங்க.

#பட்டியலை_வெளியிடு