மாதவிடாய் கப்: சிக்கனம்தான், தண்ணீர் இருந்தால்

2022 வரவு செலவுத் திட்டத்தில், பி40 குடும்பங்களைச் சேர்ந்த 130,000 பதின்ம வயதுப் பெண்களுக்கு மாதந்தோறும் சானிட்டரி பேட் உள்ளிட்ட சுகாதாரப் பொருள்கள் வழங்கப்படும் என அரசாங்கம் அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால், பேட் மாதாமாதம் தீர்ந்துவிடும். உள்ளே அணியும் சிலிக்கோன் கப், முறையாகப் பராமரித்தால் 10 ஆண்டுகள் வரை உழைக்கும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அதைத் தொட வேண்டும். 12 மணி நேரத்திற்குள் எடுத்து, இரத்தத்தைக் கொட்டி, கழுவி மீண்டும் அணியலாம். மாதவிடாய் முடிந்ததும் தனிப் பாத்திரத்தில் சில நிமிடம் கொதிக்க வைத்து, துணிப்பையில் வைக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பா கூடாது.

இரத்தப்போக்கு அதிகமில்லாதவர்கள் காலையும் மாலையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். பள்ளி, தொழிற்சாலைக் கழிப்பறையை நம்பியிருக்க வேண்டாம். ஆனால், குழாயில் தண்ணீர் அடிக்கடி நின்றுபோகும் தோட்டத்து வீட்டில் இது எப்படி முடியும்? கப் கொடுக்க முன்வருவோர், முதலில் அந்தக் குழாயைத் திறந்து பார்க்கட்டும்.