இலவச மருத்துவமும் திறைசேரியின் திறவுகோலும்

இலவச மருத்துவத்துக்கு இந்நாடு விடைகொடுக்க வேண்டும் என்னும் குரல் மீண்டும் ஓங்கி ஒலிக்கின்றது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென 2022 ஏப்பிரிலில் அரசு அறிவித்த நாள் தொட்டு, இக்குரலுக்குப் புதியதொரு துணிவும் வாய்த்துள்ளது. "இல்லாத பணத்தைக் கொண்டு எல்லோருக்கும் மருத்துவமா?" என்பது அவர்தம் வினா. வினா எளிது, எழுப்பப்படும் இடந்தான் பிழை. பணம் எவ்வளவு என்பதிலும் பார்க்க, அது எப்போது, எவர் கையூடாக, எவருக்குப் பொறுப்புக்கூறும் முறையில் வைத்தியசாலையைச் சென்றடைகின்றது என்பதே ஆராயப்பட வேண்டியது.

கட்டண வாதம் புதிய ஞானோதயமன்று. 1971இல், இடதுசாரிகளும் பங்குகொண்ட கூட்டரசாங்கமே வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட முற்பட்டது. வருவோர் தொகை குறைந்தது. வராமற் போனோர் நோயற்றோர் அல்லர், சதமற்றோர். திரண்ட வருமானமோ சுகாதாரச் செலவின் முன் ஒரு துளி. 1977இல் ஏற்பட்ட ஆட்சிமாற்றத்தின் பின் அக்கட்டணம் கைவிடப்பட்டது. இதனை மறந்தவர்களே இன்று பொருளியல் நிபுணராய்ப் பேசுகின்றனர்.

மேலும், 'இலவசம்' என்னும் சொல்லே ஐயத்துக்குரியது. மருத்துவத்துக்கென நாடு செலவிடும் மொத்தத் தொகையில் ஏறத்தாழ அரைவாசி மக்களின் சொந்தப் பையிலிருந்தே செல்கின்றது. அரசின் பங்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒன்றரை முதல் இரண்டு வீதம் என்ற அளவிலேயே நெடுங்காலமாய் நின்று வந்துள்ளது. வைத்தியர் எழுதிக் கொடுக்கும் துண்டை வெளியிலுள்ள மருந்துக் கடைக்குக் கொண்டுசெல்லும் தோட்டத் தொழிலாளிக்கு இவ்விலவசத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனித் திறைசேரியின் பக்கம் திரும்புவோம். பாராளுமன்றம் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டம் செலவிடும் அதிகாரத்தையே வழங்குகின்றது, காசை அன்று. காசு, வருமானம் வந்து சேரும் வேகத்துக்கேற்பத் திறைசேரியால் சிறிது சிறிதாய் விடுவிக்கப்படுகின்றது. சம்பளத்தை நிறுத்த எந்த அரசும் துணியாது. எனவே வெட்டு விழுவது வாய் பேசாதனவற்றின் மீது: மருந்து, இயந்திரப் பராமரிப்பு, கட்டடத் திருத்தம். டிசெம்பர் 31உடன் செலவிடப்படாத ஒதுக்கீடு காலாவதியாகின்றது. மருந்தோ ஆண்டுக் கணக்குக்கு அடங்குவதன்று. தேவையை மதிப்பிட்டு, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தூடாகக் கேள்விப்பத்திரம் கோரி, கப்பலில் வந்து, களஞ்சியம் சேரப் பல மாதங்கள் செல்லும். சிலவேளை ஓராண்டும் ஆகும். பன்னிரு மாதக் கணக்கேட்டுக்குள் இதனை அடைக்க முயல்வது, ஆறு மாதத்து நெல்லை மூன்று மாதத்தில் அறுக்கச் சொல்வதை ஒக்கும்.

இதன் விளைவுகள் ஒன்றையொன்று தொடர்வன. பணம் கிடைக்காத வழங்குநர் அடுத்த முறை விலைகூறார். கூறினும் கூட்டியே கூறுவர். களஞ்சியம் வெறுமையாகும், அப்போது 'அவசரக் கொள்வனவு' என்னும் கதவு திறக்கும். அக்கதவில் காவல் குறைவு. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் நாள்குறித்த சத்திரசிகிச்சைகள் மருந்தின்மையால் நிறுத்தப்பட்டன. தரமற்றதெனக் குற்றஞ்சாட்டப்பட்ட இமியூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு தொடர்பாக, முன்னர் சுகாதார அமைச்சராயிருந்த ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதானார். முன்னதைப் பஞ்சத்தின் கதையென்றும் பின்னதை ஊழலின் கதையென்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். ஆயின் தட்டுப்பாடே அவசரத்துக்கு நியாயமாகவும், அவசரமே முறைகேட்டுக்குத் திரையாகவும் அமையுமிடத்து, இவ்விரண்டையும் வேறுபடுத்தல் யாருக்கு நன்மை பயக்கும்?

சிக்கனத்துக்கு இந்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. பேராதனையின் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் தோன்றிய கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்து, ஏறத்தாழ 2100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார். வணிகப் பெயர்களுக்கு மாற்றாக மருந்தின் மூலப்பெயர், சில்லறைக் கொள்வனவுக்கு மாற்றாக மொத்தக் கேள்விப்பத்திரம் என்பனவே அவரது வழி. நோயாளியிடம் காசு கேளாமலே செலவைச் சுருக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1977இன் பின் தனியார் இறக்குமதிக்கு வாயில் அகலத் திறக்கப்பட்டமை வேறு கதை.

மாகாணங்களின் நிலை இன்னும் பரிதாபமானது. 1987இன் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தைப் பகிர்ந்தது, பணப்பெட்டியைப் பகிரவில்லை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். அம்மாவட்டத்துப் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். சிறிய வைத்தியசாலையில் மருந்தும் ஆளணியும் குறைய, தடிமனுக்கும் மக்கள் நகரத்துக்குப் பஸ் ஏறுகின்றனர். நெரிசலைக் காட்டிப் பெரிய வைத்தியசாலை மேலும் பணம் கேட்கின்றது. வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. மக்கள் தெரிந்தெடுத்த எவரும் இல்லாத சபையில் மருந்து ஏன் வரவில்லையென்று எவர் எழுந்து கேட்பது? புலம்பெயர்ந்தோர் அன்போடு அனுப்பும் இயந்திரங்கள் இவ்விடைவெளியை நிரப்புமென நம்புவோரும் உளர். இயந்திரத்தை நன்கொடையாகப் பெறலாம். அதனை ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் செலவை எவர் நன்கொடையளிப்பர்?

மருந்துக்கென ஒதுக்கப்படும் நிதி ஆண்டிறுதியில் மடியாத தனி நிதியமாதல் வேண்டும். அது காலாண்டுக்கொருமுறை முன்னதாகவே விடுவிக்கப்படல் வேண்டும். மாகாணத்தின் பங்கு நோயாளர் தொகையைக் கொண்டு கணிக்கப்படல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் சட்டமும் குழுவும் தேவையென்பர். ஒன்றுக்கு மட்டும் எதுவும் தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவின் சுவரில் ஒரு பலகை: இம்மருந்து இன்ன நாள் கோரப்பட்டது, இன்ன நாள் திறைசேரி பணம் விடுத்தது, இன்ன நாள் வந்தது. அப்பலகையைத் தொங்கவிட எந்த அமைச்சும் இதுவரை முன்வராமைக்குப் பணப் பற்றாக்குறை காரணமன்று.