சாயம் பார்க்காமல் சொட்டு மருந்து வேண்டாம்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வீட்டு நாய்க்குக் கண் சிவந்து பூளை தள்ளினால், பலர் முதலில் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். அங்கே கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் பல நேரம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கும். இவ்வூரில் தெருநாய்களையும் பூனைகளையும் பராமரிக்கும் விலங்கு நலக் குழு இதில் தன் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்கிறது: கருவிழியில் புண் இல்லை என்று கால்நடை மருத்துவர் உறுதிசெய்யும்வரை, எந்த நாய், பூனையின் கண்ணிலும் ஸ்டீராய்டு சொட்டு விடக் கூடாது.

நாயின் கருவிழிப் படலம் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமன்தான். பூனை நகம் பட்டாலே அதில் புண் விழுந்துவிடும். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிவிடுவதால், வளர்ப்பவர் குணமாகிறது என்று நிம்மதி அடைகிறார். உள்ளேயோ புண் ஆறுவது தடைபட்டு, படலத்தைக் கரைக்கும் நொதிகள் ஓங்குகின்றன. சில நாட்களில் கருவிழி கூழாகி ஓட்டை விழலாம். பூனைகளில் ஹெர்பிஸ் வைரஸால் வரும் கண் நோய் அதிகம். ஸ்டீராய்டு பட்டால் அது இன்னும் மூர்க்கமாகும்.

கருவிழிப் புண்ணைக் கண்டறியத் தேவைப்படுவது ஒரு ஃப்ளூரசின் சாயத் தாள்துண்டு. நனைத்துக் கண்ணில் தொட்டுக் கழுவினால், புண் இருக்கும் இடம் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். சில நிமிட வேலை. ஆனால் படலம் முழுதும் அரித்துப்போன மிக ஆழமான புண்ணின் அடித்தளம் சாயத்தை ஏற்காது. அதனால் இந்தச் சோதனையை மருத்துவரே செய்து பார்ப்பது அவசியம்.

சிவப்பெல்லாம் கண்ணில் பிறப்பதும் இல்லை. உண்ணி பரப்பும் எர்லிகியா காய்ச்சல் நாயின் கண்ணுக்குள் அழற்சியையும் ரத்தக்கசிவையும் உண்டாக்கிப் பார்வையைப் பறிக்கும். அதற்கு ரத்தப் பரிசோதனையும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் தேவை. விழிக்குப் பின்னால் சீழ் கட்டினால் கண் முன்தள்ளும், வாயைத் திறக்கவே நாய் வலியில் கத்தும். சாப்பிடாததைப் பார்த்துப் பல்வலி என்று நினைத்துவிடுகிறார்கள்.

பக், ஷிட்சு போன்ற தட்டை மூஞ்சி நாய்களின் கதை வேறு. கண்குழி ஆழமில்லாததால், நாய்ச் சண்டையிலோ கழுத்தைப் பிடித்து இழுக்கும்போதோ விழி வெளியே பிதுங்கி, இமைகள் அதன் பின்னால் சிக்கிக்கொள்ளும். விழியை உள்ளே அழுத்தவே கூடாது. சலைனில் நனைத்த சுத்தமான துணியால் ஈரம் காத்து, நாய் சொறியாமல் பிடித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். பூனைக்கும் நாட்டு நாய்க்கும் இப்படி நேர, வண்டி மோதியது போன்ற பலத்த அடி பட்டிருக்க வேண்டும். அதனால் தலையையும் நெஞ்சையும் சேர்த்தே பரிசோதிக்கச் சொல்வது நல்லது.

2003இல் பக் நாயை வைத்து வந்த ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்துக்குப் பிறகு பக் வாங்கும் மோகம் நாடெங்கும் பரவியது. தமிழக அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்சு புல்டாக் உள்ளிட்ட இனங்களைப் பெருக்கக் கூடாத பட்டியலில் வைத்தது. மூக்கு மிகக் குட்டையான நாய்களைப் பெருக்குவதை நெதர்லாந்தும் கட்டுப்படுத்தியிருக்கிறது. குழு இந்த அணுகுமுறையை முழு மனதோடு ஆதரிக்கிறது. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பக்குகளுக்குக் கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடும்படி வளர்ப்போரைக் கேட்டுக்கொள்கிறது.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. அத்தகைய ஊரின் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் ஃப்ளூரசின் தாள் இருக்க வேண்டும் என்று குழு கோருகிறது. சென்னை வேப்பேரியின் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வருவது எல்லோராலும் முடியாது. டெக்சாமெத்தசோன் மருந்துச் சீட்டின்றி விற்கக் கூடாத எச் அட்டவணையில் இருப்பதை மருந்துக் கடைக்காரர்களும் மதித்து நடக்க வேண்டும். ராத்திரியில் மருத்துவர் கிடைக்காவிட்டால் சலைனால் கண்ணைக் கழுவி, கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டிவிட்டு, காலையில் முதல் ஆளாக மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாம்.