பதினேழாம் நாளை எண்ணியவர்கள்

கட்டுரையாளர்: திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர்

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் ஊரா என்ற மேட்டுப் பகுதியில் ஒரு மாதத்துக்கு முன்புதான் புதுக்கோவில் ஒன்றை மந்திரித்திருந்தார்கள். வியாபாரத்துக்கு வந்து தங்கியிருந்த வெளிநாட்டவருக்காகக் கட்டிய கோவில் அது. கட்டியவர்கள் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள். நம் புதுச்சேரியிலும் பணியாற்றிய அதே சபை. அந்த நாட்டு மக்கள் கிறிஸ்தவர்களாக இருப்பதற்கு அப்போதும் தடை இருந்தது. நண்பகல் தாண்டிய நேரத்தில், பக்கத்தில் உள்ள உராகாமி கிராமத்திலிருந்து ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகப் பத்துப் பதினைந்து பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் போல வாசலில் நின்றார்கள். அந்தக் குருக்களில் ஒருவரான பெத்திஜான் சாமியார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் முழந்தாளிட்டார். ஒரு பெண் அவர் பக்கத்தில் வந்து, நெஞ்சில் கை வைத்து, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றுதான் என்று மெல்லச் சொன்னாள். மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளின் கண் கலங்கிவிடும். ஆனால் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குவது அதற்கு அடுத்து நடந்ததுதான். மாதாவையும் கையில் இருந்த குழந்தையையும் கண்டதும் அவர்களுக்குக் கிறிஸ்து பிறப்பு நினைவுக்கு வந்தது. உறைபனி மாதத்தின் 25-ஆம் நாள் அதைக் கொண்டாடுகிறோம் என்றார்கள். இப்போது துக்க காலம் நடக்கிறது, இன்று அதில் பதினேழாம் நாள் என்றார்கள்.

அந்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 16. திருநீற்றுப் புதன் மார்ச் 1. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மார்ச் 17, தவக்காலத்தின் பதினேழாம் நாள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மக்கள் ஒரு குருவைக் கண்டதில்லை. பூசை கண்டதில்லை. கோவில் இல்லை, மணி இல்லை, அச்சிட்ட புத்தகம் வைத்திருந்தால் உயிர் போகும். அப்படியிருக்க அந்தக் கணக்கை வைத்திருந்தது யார்?

அதற்கென்று ஊரில் ஒருவர் இருந்தார். ‘சோகாதா’ என்பார்கள், நாள்காட்டியைக் காப்பவர். பஸ்தியான் என்ற உபதேசியார் விட்டுப்போனதாக அவர்கள் சொல்லும் ஒரு நாள்காட்டி, 1634-ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டது. ஜப்பானியரின் நிலவு மாதக் கணக்கோடு அதை ஆண்டுதோறும் பொருத்தி, எது திருநாள், எது ஒருசந்தி என்று அவர் கண்டு சொல்வார். ‘மிசுகாதா’ என்றொருவர், பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். ‘கிகியாகு’ என்றொருவர், இந்தச் செய்திகளைக் காதோடு காதாக வீடுகளுக்குக் கொண்டுபோகிறவர். எல்லாரும் உழவர்கள், மீனவர்கள். பகலெல்லாம் வயலிலும் கடலிலும் கிடந்துவிட்டு, இரவில் இந்த வேலையைப் பார்த்தவர்கள்.

இந்த ஏற்பாட்டைப் படிக்கும்போது எனக்கு நம் முத்துக்குளித்துறை நினைவுக்கு வரும். 1542-இல் அங்கே வந்த சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். தான் ஒருவர் எல்லா ஊருக்கும் போதமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை வைத்தார். செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக்கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். நம் கடற்கரை முறையே அங்கு போனது என்று சாதிக்க நான் வரவில்லை. சாமியார் இல்லாத நாளிலும் செபம் நிற்கக்கூடாது என்ற கவலை இரண்டு கரைகளிலும் ஒன்றாகவே இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

1614-இல் ஜப்பான் முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டபோது அங்கே சுமார் மூன்று லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பது பொதுவான கணிப்பு. குருக்கள் துரத்தப்பட்டார்கள், மறைந்து வாழ்ந்தவர்கள் பிடிபட்டார்கள், 1640-களில் மக்களிடையே இருந்த கடைசிக் குருவும் கொல்லப்பட்டார். ஒவ்வொரு குடும்பமும் புத்த கோவிலில் பெயர் பதிய வேண்டும். ஐந்து வீட்டுக்கு ஒரு கட்டு; ஒரு வீட்டில் கிறிஸ்தவன் அகப்பட்டால் மற்ற நான்கு வீடும் பதில் சொல்ல வேண்டும். காட்டிக்கொடுத்தால் வெள்ளிக்காசு என்று ஊர்முனையில் பலகை.

பிறகு அந்த மிதி. ‘ஃபுமி-ஏ’ என்று பெயர். ஒரு பலகையின் நடுவே பதித்த வெண்கலத் தகடு. அதில் சிலுவையில் தொங்கும் ஆண்டவர், அல்லது குழந்தையை ஏந்திய மாதா. ஆண்டு பிறந்ததும் நாகசாகியில் தெருவாரியாக மக்களை அழைத்து அதை மிதிக்கச் சொல்வார்கள். நோயாளியானாலும் கைக்குழந்தையானாலும் விலக்கில்லை. பிள்ளையின் பாதத்தைத் தகட்டில் வைத்து எடுக்க வேண்டும். டோக்கியோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இந்தத் தகடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் முகம் தேய்ந்துபோயிருக்கிறது. மூக்கும் கண்ணும் மழுங்கி, தலை இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது. இருநூறு ஆண்டுக் காலப் பாதங்கள் தேய்த்த முகம் அது.

எத்தனையோ பேர் மிதிக்க மறுத்து உயிர் விட்டார்கள். நம் விழாக்கள் அவர்களுடையவை, அது சரியானதுதான். ஆனால் உராகாமியிலிருந்து அன்று வந்து நின்றவர்கள் மிதித்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆண்டுக்கு ஒருமுறை மிதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, முழங்காலிட்டு மனஸ்தாப செபம் சொன்னவர்கள். ‘கொஞ்சிரிசான்’ என்பார்கள். நம் வீடுகளில் ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ என்கிறோமே, அதுதான். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில் முழு மனத்தோடு வருந்தினால் கடவுள் மன்னிப்பார் என்று விளக்கும் சிறு நூல் ஒன்று 1603-இல் ஆயத்தமாகியிருந்தது. தடை வருவதற்கு முன்பே எழுதப்பட்டது. அந்த நூலின் வாசகத்தைக் கையால் பிரதி எடுத்தும் மனப்பாடம் செய்தும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள்.

“மிதித்தவர்களை விசுவாசத்தில் நிலைத்தவர்கள் என்று எப்படி சார் சொல்லலாம்?” என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்வி. எண்டோ ஷுசாகு 1966-இல் எழுதிய ‘மௌனம்’ நாவல் முழுக்க இந்த முள்மேல்தான் நிற்கிறது. என் பதில் பேதுருவிலிருந்து தொடங்கும். தலைமைக் குருவின் முற்றத்தில், குளிர்காயும் நெருப்பின் பக்கத்தில், ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர் அவர். வெளியே போய் மனங்கசந்து அழுதார். பிறகு கடற்கரையில், கரிநெருப்பின் பக்கத்தில், என்னை நேசிக்கிறாயா என்று அதே மூன்று முறை கேட்கப்பட்டார். ஆண்டவர் கேட்டது அன்பைப் பற்றி. முற்றத்தில் நடந்ததை ஒரு வார்த்தைகூட எடுக்கவில்லை. மிதித்தது பாவமில்லை என்று நான் சொல்லமாட்டேன், அவர்களே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனஸ்தாபம் எதற்கு? விழுந்த இடத்திலேயே கிடக்காமல் ஒவ்வொரு ஆண்டும் அழுதுகொண்டு எழுந்து வந்தார்களே, அந்த வருகைக்குத்தான் பிரமாணிக்கம் என்று பெயர். அதை இருநூறு முறை செய்தார்கள்.

அவர்கள் வீட்டில் யாராவது இறந்தால் புத்த பிக்கு வந்து மந்திரம் ஓதுவார், சட்டம் அது. முன்கூடத்தில் அவர் ஓதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் சிலர் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, தங்கள் செபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத அந்தச் செபங்களில் பாதி லத்தீனும் போர்த்துக்கீசியமும். நாளாக நாளாக உச்சரிப்பு சிதைந்து, பொருள் மறந்து, ஒலி மட்டும் மிஞ்சியது. சில தீவுகளில் நம்பிக்கையின் வடிவமே மாறிப்போய், குருக்கள் திரும்பி வந்த பிறகும் முன்னோர் வழியை விடமாட்டோம் என்று தனியாகவே நின்றுவிட்டவர்களும் உண்டு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கொடுக்கப்பட்டதைக் கைவிடாமல் பிடித்திருந்தார்கள்.

கோவிலில் அந்தச் சந்திப்பு நடந்த பிறகு துன்பம் தீர்ந்ததா என்றால், இல்லை. மறைவில் இருந்தவர்கள் வெளியே வந்ததும் 1867-இல் உராகாமியில் கைது தொடங்கியது. சித்திரவதையில் ஏறக்குறைய எல்லாரும் பின்வாங்கினார்கள். தகாகி செனெமோன் என்ற உழவர் மட்டும் அசையவில்லை. அவர் உறுதியைப் பார்த்த பிறகு, பின்வாங்கியவர்கள் பலர் தாங்களாகவே போய், சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தார்கள். இதையும் பேதுருவோடு சேர்த்துப் படியுங்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஊரையே கலைத்துச் சுமார் 3,400 பேரை நாடெங்கும் சிதறடித்தது அரசு. 600-க்கு மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். 1873-இல் தடைப் பலகைகள் இறங்கின. உயிரோடு திரும்பியவர்கள், மிதிக்கும் சடங்கு நடந்த ஊர்த்தலைவர் வீட்டு மனையையே விலைக்கு வாங்கி அதில் கோவில் கட்டினார்கள்.

ஈழத்து வாசகர்களுக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது. 1658-இல் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1687-இல், கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து வீடு வீடாகப் போனார். கழுத்தில் செபமாலை தெரியும்படி போட்டிருந்தார். அதை அடையாளம் கண்டுகொள்கிறவர் வீட்டில் விசுவாசம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சில்லாலையில் அப்படிப்பட்ட வீடுகள் இருந்தன.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அண்மையில் உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் பேச ஒரு பங்குக்குப் போயிருந்தேன். விசுவாசப் பிரமாணம் சொல்லுங்கள் என்றேன். இரண்டு வரி போனது, நின்றது. “வீட்டில் சொல்வதில்லையா அம்மா?” என்று முன்வரிசைப் பிள்ளையைக் கேட்டேன். “கோவில்ல திரையில போடுவாங்க சார், பார்த்துப் படிச்சிடுவோம்” என்றாள். அவள்மேல் தப்பில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் வளர்ந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் பாய் விரிப்பார்கள். ஐம்பத்துமூன்று மணி செபமாலை. தூங்கி விழும் பிள்ளையை அம்மா முழங்கையால் இடிப்பார். வெளியூரில் இருக்கும் அப்பாவுக்காக, பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்காக, சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கும் சித்தப்பாவுக்காக என்று மணிக்கு மணி ஒரு கருத்து வரும். சித்தப்பாவின் பெயர் வரும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் இறுகும். ஆனாலும் விடமாட்டார். என் விசுவாசம் எனக்குக் கிடைத்தது அந்தப் பாயில். கல்லூரியில் கிடைத்தது அதற்கான விளக்கம். சி.எஸ்.ஐ. நண்பர்கள் வீட்டில் இதே நேரத்தில் ஜெபமும் வேத வாசிப்பும் நடக்கும். சபை எதுவானாலும் சாயங்காலம் ஒன்றாகத்தான் இருந்தது.

இன்று நம் கோவில்கள் பெரிதாகியிருக்கின்றன. கோபுரம் உயர்கிறது, ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கிறது, பிரசங்கம் கைப்பேசியில் எந்நேரமும் ஓடுகிறது. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசுவாசத்தைக் காப்பது குருவானவரின் வேலை, போதகரின் வேலை, யூடியூபின் வேலை என்று ஒப்படைத்துவிட்டோம். நேரமில்லை என்கிறோம். ஷிப்ட் வேலையும் டியூஷனும் எவ்வளவு அழுத்தும் என்று எனக்குத் தெரியும்; உராகாமியின் உழவர்களுக்கும் நேரம் இல்லைதான். வாள் வந்து நம் விசுவாசத்தைப் பறிக்கப்போவதில்லை. யாரும் எண்ணாமல் விட்ட நாட்களில் அது தானாகக் கரைந்துபோகும் என்பதே என் பயம்.

பங்குக் குருக்களையும் போதகர்களையும் ஒன்று கேட்கிறேன். அடுத்த தவக்காலத்தில் ஒரு பிரசங்கத்தைக் குறைத்துக்கொண்டு, அன்பியக் கூட்டங்களில் வீட்டுத் தலைவர்களுக்குச் செபம் நடத்தக் கற்றுக்கொடுங்கள். ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரியட்டும். தண்ணீரும் சில வார்த்தைகளும் போதும், ஜப்பானில் ஒரு திருச்சபையே அதில் பிழைத்தது.

பெற்றோரே, உங்களிடமும் ஒன்று. இன்றிரவு டி.வி.யை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். நேற்று விட்டுப்போனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், மனஸ்தாபம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வீட்டு நாள்காட்டியை உங்கள் கடைசிப் பிள்ளையின் கையில் கொடுத்து, திருநாள்களை எண்ணிச் சொல்லும் பொறுப்பை அவளிடம் விடுங்கள்.