‘பிறகு கூப்பிடுறன்’

அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்கு மேன்முறையீட்டுப் படிவத்தை நிரப்பித் தரச்சொல்லி எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு கடைப் பிள்ளை இந்தக் கிழமை வந்தது. வேலையிழந்தவருக்கென்று இலங்கையில் ஒரு கொடுப்பனவு கிடையாது. வேலை போனால், ஏழை என்று நிரூபித்து அஸ்வெசும கேட்க வேண்டியதுதான். 2023இல் பயனாளிகளின் முதற்பட்டியல் வந்தபோது முறையீட்டுக்கு ஜூலை 10 வரை தவணை கொடுத்தார்கள். ஒன்பது இலட்சத்துக்கும் மேலான முறையீடுகள் குவிந்தன. அந்தத் தவணையைப் பற்றித்தான் எழுத இருந்தேன்.

“வேலை எப்பம்மா போனது?” என்று கேட்டேன்.

“போகேல்லை எண்டுதான் நினைச்சன். யாவாரம் இல்லை, பிறகு கூப்பிடுறன் எண்டவர் முதலாளி.”

படிவத்தை மூடிவைத்தேன். புடவைக்கடைப் பிள்ளைகளுக்கு இருக்க ஒரு கதிரை கேட்டு முன்பு எழுதியிருக்கிறேன். தமிழ்நாடு அதை 2021இல் சட்டமாக்கியது. இங்கே இன்னும் கால்கடுக்க நிற்கிறார்கள். அந்தக் கதிரை இல்லாததைவிட முதலாளியின் இந்த “பிறகு” என்னை ஆத்திரப்படுத்துகிறது.

வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போக ஆறு மாதம்தான் உண்டு. 1957இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தைத் திருத்தி உண்டாக்கிய சபை அது. தொழிலாளி தானே விண்ணப்பிக்கலாம், தொழிற்சங்கமும் விண்ணப்பிக்கலாம். நீதியும் ஒப்புரவுமான கட்டளை இடுவது சபையின் கடமை. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை ஒற்றைச் சொல்லால் முதலாளி முடக்கிவிடுகிறார். நீக்கியதாகக் கடிதம் இல்லை, நியமித்ததாகவும் இல்லை. பிள்ளை வீட்டில் காத்திருக்க, மாதங்கள் ஓடுகின்றன. பிந்திப் போனால் “காலம் கடந்துவிட்டது” என்பார்கள். நேரத்தோடு போனால் “தானாக நின்றுகொண்டது” என்பார்கள். இரண்டு மறுமொழியும் அவர்களிடம் ஆயத்தமாக இருக்கிறது.

அதனால் கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். “பிறகு” என்று சொன்ன கிழமையே, வேலைக்கு வர ஆயத்தம், எப்போது வரலாம் என்று முதலாளிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தபாற்கந்தோர் தரும் துண்டையும் கடிதத்தின் பிரதியையும் கவனமாக வைத்திருங்கள். தானாக நின்றாள் என்ற கதை அதன்பிறகு எளிதில் எடுபடாது. நியமனக் கடிதம் இல்லையென்றால் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைப் பாருங்கள். உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் கட்டப்பட்டிருந்தால், அங்கே வேலை செய்ததற்கு அதுவே சாட்சி. கட்டவில்லையென்றால் அது தனி முறைப்பாடு. தொழில் திணைக்களத்தில் கொடுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு வேலை நின்று ஐந்தாம் மாதம் நடக்கிறது. அஸ்வெசுமப் படிவத்தைப் பிறகு நிரப்பினோம். முதலில் எழுதியது சபைக்கான விண்ணப்பம்.